நிலவறைக்குள் தொலைந்த ராஜ்யம்

கோட்டையைக் காக்க வேண்டியவர்கள் கோட்டைக்கு அடியில் இருந்தார்கள். பிளாக்மோர் என்ற அந்தச் சிற்றரசின் கோட்டைக்குக் கீழே அடுக்கடுக்காக நிலவறைகள். அவற்றில் புதையலும் பூதங்களும். விளக்கை ஏந்திக்கொண்டு இறங்குவார்கள், பையை நிரப்பிக்கொண்டு ஏறுவார்கள், மறுபடியும் இறங்குவார்கள். மதிலைச் செப்பனிடவோ, படை திரட்டவோ, எல்லையில் யார் நடமாடுகிறார்கள் என்று பார்க்கவோ எவருக்கும் மனம் இல்லை. எதிரி வந்தான். பிளாக்மோர் விழுந்தது. அதன் வீரர்கள் குளூமி ஏரிக்கரைக்குத் துரத்தப்பட்டு, அங்கே முதலிலிருந்து பிழைப்பைத் தொடங்க வேண்டியதாயிற்று.

இது நடந்தது 1970-களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், செயின்ட் பால் நகரத்து வீடொன்றின் அடித்தளத்தில். மேசைமேல் பிளாஸ்டிக் கோட்டை ஒன்று, சுற்றிலும் இளைஞர்கள், கையில் பகடை. ஆட்டத்தை நடத்தியவர் டேவ் ஆர்னசன். வீடு அவருடைய பெற்றோருடையது. அந்த மேசையிலிருந்துதான் சில ஆண்டுகளில் ‘டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ பிறந்தது. ஒருவர் நடுவராக உட்கார்ந்து ஓர் உலகத்தைச் சொல்லால் விரிப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்த உலகத்துக்குள் நுழைவார்கள். வாள் பட்டதா, பொய் பலித்ததா என்று ஐயம் எழும் இடத்தில் பகடை தீர்ப்புச் சொல்லும்.

பெயரிலேயே நிலவறை இருப்பதால், புதையல் வேட்டைதான் இந்த ஆட்டத்தின் ஆதி என்று பலரும் எண்ணுகிறார்கள். வரலாற்றைப் புரட்டினால் முதலில் நிற்பது அரசு. நகரத் தலைவர், வங்கிக்காரர், தளபதி, சிற்றரசர் எனப் பதவியில் இருப்பவர்களாகத்தான் மனிதர்கள் முதலில் இந்த மேசையில் உட்கார்ந்தார்கள். நிலவறை பின்னால் வந்தது. வந்த வேகத்தில் அரசை விழுங்கிவிட்டது. விழுங்கப்பட்ட அரசை மீட்க ஐம்பது ஆண்டுகளாக ஒவ்வொரு தலைமுறையிலும் யாராவது ஒருவர் முயன்றுகொண்டே இருக்கிறார். அந்த முயற்சிகளின் கதை இது.

வேர் இந்தியா வரை நீள்கிறது. இங்கிருந்து போன சதுரங்கம் ஐரோப்பாவில் பல உருக்கொண்டது. 1780-இல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரத்து ஹெல்விக் என்ற ஆசிரியர், சதுரங்கப் பலகையை ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டங்களாகப் பெருக்கி, காடும் ஆறும் பீரங்கியும் சேர்த்து ஒரு போர் விளையாட்டை அமைத்தார். பிறகு பிரஷ்யாவின் ரைஸ்விட்ஸ் குடும்பத்தில் தந்தை 1812-இலும் மகன் 1824-இலும் அதைப் படை அதிகாரிகளுக்கான பயிற்சியாக மாற்றினார்கள். மகன் உருவாக்கிய வடிவத்தில் முக்கியமான ஒருவர் இருந்தார்: நடுவர். இரு தரப்பும் தங்கள் ஆணைகளை அவரிடம் தர வேண்டும். யாருக்கு எது தெரியும், எது தெரியாது என்பது அவருக்கு மட்டுமே தெரியும். 1876-இல் ஃபெர்டி டு வெர்னுவா என்ற தளபதி இன்னும் ஒரு படி போய், பட்டியல்களையும் கணக்குகளையும் ஒதுக்கிவிட்டு, அனுபவமுள்ள நடுவரின் சொல்லே போதும் என்றார். பட்டியலா, நடுவரின் சொல்லா என்ற அந்தப் பழைய வழக்கு இன்றும் முடிந்தபாடில்லை.

1880-இல் அமெரிக்கப் படை அதிகாரி சார்லஸ் டாட்டன், ‘ஸ்ட்ராடகாஸ்’ என்ற நூலில் இதே மரபைத் தன் நாட்டுக்குக் கொண்டுவந்தார். ஆடுபவர் எதை வேண்டுமானாலும் முயலலாம், பலிக்குமா என்பதை நடுவர் தீர்மானிப்பார் என்பது அதில் இருந்த அரிய விதை. ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் தூங்கிக் கிடந்த அந்த விதையை மினசோட்டா பல்கலைக்கழக நூலகத்தில் டேவிட் வெஸ்லி கண்டெடுத்தார்.

வெஸ்லி 1969-இல் ஒரு நெப்போலியன் காலத்துப் போர் ஆட்டம் நடத்தத் திட்டமிட்டார். களம், பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனை ஜெர்மானிய ஊர். இரு பக்கப் படைத்தலைவர்களும் ஊரை நோக்கி வருகிறார்கள். ஆட வந்தவர்களோ நிறையப் பேர். எல்லோருக்கும் கொடுக்கப் படை இல்லை. ஆகவே ஒருவரை ஊர்த் தலைவராக்கினார், ஒருவரை வங்கிக்காரராக்கினார், ஒருவரைப் பல்கலைக்கழகத் தலைவராக்கினார். ஒவ்வொருவருக்கும் ஒரு நோக்கம் கொடுத்தார். பிறகு நடந்தது எதுவும் அவர் கையில் இல்லை. முறை வைத்து ஆட வேண்டியவர்கள் மூலைக்கு மூலை போய் ரகசியம் பேசினார்கள், பேரம் பேசினார்கள், ஒருவரையொருவர் காட்டிக் கொடுத்தார்கள். படைகள் மேசையில் மோதவேயில்லை. ஆட்டம் பாழாகிவிட்டது என்று வெஸ்லி வருந்தினார். ஆடியவர்களோ, அடுத்தது எப்போது என்று அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

அதே வரிசையில் வெஸ்லி பிறகு நடத்திய ஓர் ஆட்டம், தென்னமெரிக்கச் சர்வாதிகார நாடு ஒன்றில் நடந்தது. ஆர்னசன் அதில் ஒரு மாணவப் புரட்சிக்காரர். துண்டறிக்கை விநியோகித்தால் அவருக்குப் புள்ளி. அவர் அமெரிக்க உளவுத்துறையின் போலி அடையாள அட்டை ஒன்றைத் தானே செய்து பையில் போட்டுக்கொண்டு வந்தார். தேவையான நேரத்தில் அதை எடுத்துக் காட்டி அதிகாரிகளையெல்லாம் தன் வழிக்குக் கொண்டுவந்தார் என்றும், கடைசியில் நாட்டின் கருவூலப் பணத்தோடு ஹெலிகாப்டரில் ஏறி, போகிற போக்கில் துண்டறிக்கைகளை வீதிகளில் கொட்டிவிட்டுப் போனார் என்றும் அந்த வட்டத்தார் இன்றும் சொல்கிறார்கள். படையே இல்லாத ஒருவர் ஒரு நாட்டைக் கவிழ்க்க முடிந்தது என்பதில்தான் இந்தக் கதையின் உயிர் இருக்கிறது. ஆட்சி என்பது மேசைமேல் நிற்கும் பொம்மைச் சிப்பாய்களின் எண்ணிக்கை அல்ல, யார் யாரை நம்புகிறார்கள் என்பதே என்று அன்றிரவு அந்த இளைஞர்களுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

விதிப்புத்தகமோ பகடையோ இல்லாமலே இதைப் புரிந்துகொண்ட பிள்ளைகள் நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே இருந்தார்கள். இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் மாவட்டத்தில் ஹாவர்த் என்ற மலையூர். 1826 ஜூன் மாதத்தில் அந்த ஊர்ப் பாதிரியார் தன் மகன் பிரான்வெல்லுக்கு ஒரு பெட்டி மரச் சிப்பாய்கள் வாங்கி வந்தார். அவன் தன் சகோதரிகளுக்கு ஆளுக்கொன்று கொடுத்தான். சார்லட் தன் சிப்பாய்க்கு வெலிங்டன் என்று பெயர் வைத்தாள், அவன் தன்னுடையதற்கு போனபார்ட் என்று வைத்தான். அந்தப் பொம்மைகள் நாடு பிடித்தன, நகரம் கட்டின, பத்திரிகை நடத்தின. உள்ளங்கையளவுத் தாள்களில் நுணுக்கி எழுதித் தைத்த அந்தப் பத்திரிகைகள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. இளையவர்களான எமிலியும் ஆனும் 1831 வாக்கில் பிரிந்துபோய் கோண்டல் என்ற தனி ராஜ்யத்தை அமைத்துக்கொண்டார்கள். மூத்தவர்கள் இருவரும் 1834-இல் ஆங்க்ரியாவை உருவாக்கினார்கள்.

மனத்தைத் தொடும் செய்தி இதற்குப் பின்னால் வருகிறது. 1845 கோடையில் எமிலியும் ஆனும் யார்க் நகரத்துக்கு ஒரு சிறு பயணம் போனார்கள். இருவரும் இருபத்தைந்தைத் தொட்ட பெண்கள்; எமிலியின் ‘வுதரிங் ஹைட்ஸ்’ நாவல் வெளிவர இன்னும் இரண்டே ஆண்டுகள். அந்தப் பயணம் முழுவதும் அவர்கள் கோண்டல் நாட்டு இளவரசர்களாகவும் இளவரசிகளாகவும் நடித்துக்கொண்டே போனார்கள் என்று எமிலி தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். கற்பனை ராஜ்யத்தை ஆள்வது சிறுபிள்ளை வேலை என்று நினைப்பவர்கள் இந்த ஒரு பயணத்தை நினைத்துப் பார்க்கலாம்.

பெரியவர்கள் ஒழுங்காக உட்கார்ந்து, ஆண்டுக் கணக்கில் கற்பனை நாடுகளை ஆண்ட வழக்கம் இங்கிலாந்திலேயே இன்னொரு முறை தலையெடுத்தது. சவுத்தாம்ப்டன் நகரத்து டோனி பாத், 1950-களின் பிற்பகுதியில், ராபர்ட் ஹோவர்டின் கோனன் கதைகளில் வரும் ஹைபோரியா வரைபடத்தை எடுத்துக்கொண்டு, அதிலுள்ள நாடுகளை நண்பர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தார். உண்மை வரலாற்றை வைத்து ஆடினால் முடிவு முன்பே தெரிந்துவிடும். கற்பனை நாட்டில் அந்தத் தொல்லை இல்லை. வரி, வானிலை, கடல், முற்றுகை எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. ஆனால் பாத் செய்த மிக நல்ல காரியம் வேறு. ஒவ்வொரு அமைச்சருக்கும் தளபதிக்கும் சீட்டுக்கட்டிலிருந்து சில சீட்டுகளை உருவி, அவற்றைக் கொண்டு அந்த மனிதரின் குணத்தை வகுத்தார். விசுவாசி யார், பேராசைக்காரர் யார், சோம்பேறி யார் என்பது சீட்டில் வந்தது. இப்படிக் கணக்குக்குள் மனிதர்கள் நுழைந்தார்கள். அந்த அனுபவத்தை 1973-இல் அவர் சிறு நூலாகவே எழுதினார். மன்னர் வேடம் போடுபவருக்கு மாற்று மன்னர்கள் மட்டும் போதாது, தன் சபையிலேயே நம்பத் தகாத ஒருவர் இருக்க வேண்டும் என்ற அவருடைய பாடத்தை இன்றைய நடுவர்கள் பலர் படிக்காமலே கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆர்னசனுக்கும் பெரிய அரசியல் ஆட்டம் புதிதல்ல. பிளாக்மோருக்கு முன்பே நெப்போலியன் கால ஐரோப்பாவை வைத்து, உள்ளூர்க்காரர்களும் வெளியூர்க்காரர்களும் ஆளுக்கொரு நாட்டை ஆளும் நீண்ட ஆட்டம் ஒன்றைத் தபால் வழியாகவும் நேரிலும் நடத்திக்கொண்டிருந்தார். 1971 ஏப்ரலில் அவர் நண்பர்களுக்கு அனுப்பிய செய்திமடலில், அடுத்து நடக்கப்போவதை இடைக்காலத்து பிரவுன்ஸ்டைன் என்றே குறிப்பிட்டார். பிளாக்மோரில் ஆடியவர்கள் எல்லோரும் ஒரே அணியில்லை. சிலர் சிற்றரசைக் காத்தார்கள், சிலர் அதை அழிக்க வந்த தீயவர்கள். எல்லைக்கு அப்பால் ‘எக் ஆஃப் கூட்’ என்ற விநோதப் பகைவனின் நாடு. பாத்திரமாக இருந்த ஒருவர் ஆட்டத்தின் போக்கில் இரத்தக்காட்டேரியாக மாறி சர் ஃபாங் என்று எல்லோரையும் நடுங்க வைத்தார். அவரை எதிர்க்க ஒருவர் வேண்டும் என்பதற்காகவே பூசாரி என்ற வகை பிறந்தது.

பிறகு 1977-இல் வெளியான ‘தி ஃபர்ஸ்ட் ஃபேண்டஸி கேம்பெய்ன்’ என்ற தொகுப்பில் ஆர்னசனின் கையேடுகள் அப்படியே அச்சாயின. ஒழுங்கற்ற புத்தகம், ஆனால் பொறுமையாகப் படிப்பவருக்குப் பொக்கிஷம். சாலை போட என்ன செலவு, கால்வாய் வெட்ட என்ன செலவு, ஒரு வீரனை ஓராண்டு வைத்திருக்க என்ன செலவு என்று பட்டியல்கள். அதில் ஒரு விதி தனித்து நிற்கிறது. கொண்டுவந்த பொன், பாத்திரத்தை அடுத்த படிக்கு ஏற்றும் அனுபவமாகத் தானாக மாறாது. அதை எதற்கேனும் செலவழித்தால்தான் மாறும். குடி, கொண்டாட்டம், புகழ், சமயம், பொழுதுபோக்கு என்று ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு நாட்டம். நிலவறையிலிருந்து எடுத்த பொன் ஊருக்குள் இறங்கிப் புழங்க வேண்டும் என்று அந்த இளைஞர் நினைத்திருக்கிறார்.

1972-இன் இறுதியில் ஆர்னசனும் நண்பர் டேவிட் மெகாரியும் விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனிவாவுக்குப் போய், கேரி கைகாக்ஸிடம் ஆட்டத்தைக் காட்டினார்கள். கைகாக்ஸ் ஏற்கெனவே இடைக்காலப் போர் ஆட்ட விதிகளான ‘செயின்மெய்ல்’ நூலை ஜெஃப் பெரனுடன் சேர்ந்து எழுதியவர். அவர் இருந்த ‘கேசில் அண்ட் க்ரூசேட் சொசைட்டி’, ‘மகா ராஜ்யம்’ என்று ஒரு கற்பனை வரைபடத்தை வைத்துக்கொண்டு உறுப்பினர்களுக்கு நிலம் பிரித்துக் கொடுத்திருந்தது. பிளாக்மோரே அதன் வடக்கு மூலையில் ஆர்னசன் வாங்கிய பங்குதான். ஆக இரு பக்கமும் நில உரிமையாளர்கள். 1974 ஜனவரியில் மூன்று சிறு நூல்கள் கொண்ட ‘டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ பெட்டி பத்து டாலர் விலையில் வெளிவந்தது. முதல் பதிப்பு ஆயிரம் பிரதிகள்.

அந்த மூன்று நூல்களை இன்று படித்தால் வியப்பு வரும். வீரன் ஒன்பதாம் படிக்கு ஏறினால் பிரபு. கோட்டை கட்டிக்கொண்டால் சிற்றரசன். சுற்றிலும் இருபது மைல் வரை அவன் ஆட்சி. அதில் இரண்டு முதல் எட்டு கிராமங்கள், ஒவ்வொன்றிலும் நூறு முதல் நானூறு குடிகள். தலைக்கு ஆண்டுக்குப் பத்துப் பொன் வரி. பூசாரி கோட்டை கட்டினால் காணிக்கை இருபது பொன். போதாததற்கு, கட்டும் செலவில் பாதி வானத்திலிருந்து வந்துவிடும். சாலை, சத்திரம், கப்பல் கட்டுதல், மீன்பிடி, கால்நடை வளர்ப்பு என்று எதில் வேண்டுமானாலும் முதல் போடலாம். எவ்வளவு திரும்பும் என்பது நடுவர் கையில். கூடவே ஒரு விதி: எவனாவது அடாத செயல் செய்தால், கொதித்தெழுந்த ஊர் மக்களை அவன்மேல் ஏவிவிட நடுவருக்கு உரிமை உண்டு. குடிகளின் சினத்துக்குத் தனித் தலைப்புக் கொடுத்த முதல் விளையாட்டு நூல் அதுவாகவே இருக்கலாம்.

இன்னொரு எண்ணும் அந்த நூலில் இருக்கிறது. ஒரு கேம்பெய்னில், அதாவது ஒரு நீண்ட தொடர் ஆட்டத்தில், நான்கு முதல் ஐம்பது பேர் வரை ஆடலாம்; ஒரு நடுவருக்கு ஏறத்தாழ இருபது பேர். இன்று நான்கைந்து பேர் சனிக்கிழமை மாலை கூடினாலே பெரிய காரியம். ஐம்பது பேர் என்றால் அது ஒரு குழு இல்லை. போட்டியிடும் பல குழுக்கள், ஒரே நிலத்தில் பல சிற்றரசர்கள். ஒருவர் கோட்டை கட்டும் ஆறு மாதத்துக்குள் இன்னொருவர் பக்கத்துக் காட்டைச் சூறையாடிவிடலாம். கைகாக்ஸ் 1979-இல் நடுவர்களுக்கான பெரிய கையேட்டை எழுதியபோது, நாட்கணக்கைத் துல்லியமாக வைக்காவிட்டால் உங்கள் ஆட்டத்துக்குப் பொருளே இல்லை என்ற எச்சரிக்கையைப் பெரிய எழுத்துகளில் அச்சிட்டது இதனால்தான். அதே கையேட்டில் சுங்கம், தீர்வை, வரி, காணிக்கை எல்லாம் தனித்தனியாக விளக்கப்பட்டிருக்கின்றன.

பிறகு ஏன் நிலவறை வென்றது?

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை; அது எளிது. நிலவறைக்குச் சுவர் உண்டு. நடுவர் ஒரு தாளில் வரைந்து முடித்துவிடலாம். இடமா வலமா என்பதுதான் கேள்வி. நாட்டுக்குச் சுவர் இல்லை. மன்னர் என்ன செய்வார் என்பதை முன்கூட்டி எழுதிவைக்க முடியாது. பதிப்பகத்தார் விற்கக்கூடியதும் நிலவறைதான்: முப்பத்திரண்டு பக்கம், ஒரு வரைபடம், வாங்கிய அன்றே ஆடலாம். ஒன்பதாம் படி வரை ஏற மாதக்கணக்கில், சில குழுக்களுக்கு ஆண்டுக்கணக்கில் ஆகும். அதற்குள் பலருக்குத் திருமணம், வேலை, ஊர் மாற்றம். அரசாட்சி புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் காத்துக்கொண்டே இருந்தது.

அதை முன்பக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஃபிராங்க் மென்ட்சர். 1983 முதல் நிறவாரியான பெட்டிகளாக அவர் ஆட்டத்தைத் தொகுத்தார். சிவப்புப் பெட்டியில் நிலவறை, நீலப் பெட்டியில் காடும் கடலும், 1984-இல் வந்த பச்சைப் பெட்டியில் நாடு. பதினைந்தாம் படியும் அதற்கு மேலும் ஏறிய வீரர்களுக்கான அந்த ‘கம்பேனியன்’ தொகுப்பில் வரி மட்டும் இல்லை, மக்களின் நம்பிக்கைக்கும் ஓர் எண் இருந்தது. ஆள்பவரின் குணநலன்களைக் கூட்டி, பகடை உருட்டிச் சேர்த்து, ஆண்டுதோறும் அதைச் சரிபார்க்க வேண்டும். திருவிழாவை நிறுத்தினால் எண் சரியும். பெரிய பிரபு விருந்தாளியாக வந்து தங்கினால் நாளுக்கு இவ்வளவு என்று கருவூலம் கரையும். வருமானம் தலைக்கணக்கில் வராது, குடும்பக் கணக்கில் வரும். கால்நடை, விளைச்சல், கனிமம் என்று நிலத்துக்கேற்ற வளமும் சேரும். பெரும்போரைச் சில பகடைகளில் முடிக்க ‘வார் மெஷின்’ என்ற கணக்கும் உண்டு. அதே ஆண்டில் டக்ளஸ் நைல்ஸ் எழுதிய ‘டெஸ்ட் ஆஃப் த வார்லார்ட்ஸ்’ என்ற சாகசத்தில், நார்வோல்ட் என்ற வடக்கு நாட்டின் மன்னர் எரிகால் வீரர்களுக்கு நிலம் கொடுத்துக் குடியேறச் சொல்கிறார். கொடுத்த நிலத்தைப் பண்படுத்தி முடிப்பதற்குள் இரு பேரரசுகள் மோதுகின்றன.

கணக்குப் பிள்ளைகளுக்கு அந்தப் பச்சைப் பெட்டி திருவிழா. மற்றவர்களுக்கு? மாலை முழுவதும் பேரேடு எழுதிவிட்டு எழுந்துபோகும் அலுப்பு. கம்பேனியன் விதிகளின் குறை இதுதான்: எண்கள் எல்லாம் இருந்தன, அந்த எண்களுக்கு முகம் கொடுக்கும் வழியை நடுவரே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. விளைச்சல் குறைந்தது என்று அட்டவணை சொல்லும். கதவைத் தட்டி, இந்த ஆண்டு வரியைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கும் கிழவரை அட்டவணை அனுப்பாது.

1985-இல் கிரெக் ஸ்டாஃபர்ட் வெளியிட்ட ‘பென்டிராகன்’ இந்த முடிச்சை வேறு பக்கத்திலிருந்து அவிழ்த்தது. ஆர்தர் மன்னரின் காலம். ஆடுபவர்கள் எல்லோரும் சாதாரண வீரப் பிரபுக்கள், ஆளுக்கொரு பண்ணை. ஆண்டுக்கு ஒரு சாகசம்தான். அது முடிந்ததும் குளிர்காலம் வரும். அதற்கென்று ஒரு கட்டம். அறுவடை எப்படி, குதிரை பிழைத்ததா, மனைவிக்குக் குழந்தை பிறந்ததா, பிறந்தது தங்கியதா என்று பகடை உருட்டுவார்கள். வயது ஏறும், உடல் தளரும், வாள் கைமாறும். தந்தையாக ஆடத் தொடங்கியவர் மகனாகத் தொடர்வார், சில வேளை பேரனாக. ஒரு மாலைக்கு ஓராண்டு என்று காலத்தை ஓட விட்டதால்தான் நிலமும் குலமும் அர்த்தம் பெற்றன. கைகாக்ஸ் பெரிய எழுத்தில் கெஞ்சிக் கேட்டதை ஸ்டாஃபர்ட் ஆட்டத்தின் எலும்பாகவே ஆக்கிவிட்டார். இந்த வகை விளையாட்டுகளில் அதைவிட அழகான விதி வேறில்லை என்று துணிந்து சொல்லலாம்.

இருந்தாலும் ஒரு சிக்கல் எல்லோருக்கும் பொது: சிம்மாசனம் ஒன்று, மேசையில் இருப்பவர்கள் ஐந்து பேர். ஒருவர் மன்னரானால் மற்ற நால்வரும் என்ன செய்வது?

1995-இல் ரிச்சர்ட் பேக்கரும் காலின் மெக்கோமும் உருவாக்கிய ‘பர்த்ரைட்’ இதற்கு நல்ல விடை ஒன்றைச் சொன்னது. களம் செரிலியா என்ற கண்டம். அங்கே பழைய தெய்வங்கள் ஒரு மலையில் நடந்த மாபெரும் போரில் அழிந்தார்கள். அவர்களுடைய ஆற்றல் அருகிலிருந்த மனிதர்களின் இரத்தத்தில் கலந்தது. அந்த இரத்தம் உள்ளவர்களே ஆளப் பிறந்தவர்கள். அனுயிர் நாட்டின் இரும்புச் சிம்மாசனம் பேரரசர் இல்லாமல் காலியாகக் கிடக்கிறது. ஜார்ஜ் மார்ட்டினின் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ வெளிவர அப்போது இன்னும் ஓராண்டு இருந்தது. ஆனால் பர்த்ரைட்டின் அரிய கருத்து இரும்புச் சிம்மாசனம் அல்ல. ஒரே மாகாணத்தை நான்கு விதமாக ஆளலாம் என்பது. சட்டம் ஒருவரிடம், கோயில் ஒருவரிடம், வணிகக் குழு ஒருவரிடம், மண்ணின் மந்திர ஊற்று ஒருவரிடம். வீரர், பூசாரி, திருடர், மந்திரவாதி என்ற பழைய நால்வரும் இப்போது நான்கு அதிகாரங்கள். மன்னர் வரியை உயர்த்தினால் வணிகர் தலைவர் முகம் சுளிப்பார். அவரும் அதே மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

மூன்று மாதம் ஓர் ஆட்சிச் சுற்று, அதற்குள் மாதத்துக்கொரு நடவடிக்கை. பொன்கட்டிகள் ஒரு செல்வம். மக்கள் ஒப்பும் ஆட்சியுரிமை இன்னொரு செல்வம். படைகள் மோதினால் அட்டைகளை விரித்து ஆடலாம். பல நாடுகளுக்குத் தனிச் சிறுநூல், அதை ஆளும் ஆட்டக்காரரே படித்துக்கொள்ள. வடிவமைப்பில் இதற்கு இணை அன்று இல்லை. ஆனால் வெளியிட்ட டி.எஸ்.ஆர். நிறுவனம் கடனில் மூழ்கிக்கொண்டிருந்தது. 1997-இல் அது விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனத்தின் கைக்குப் போனது. பர்த்ரைட் தொடரவில்லை. மின்னஞ்சல் வழியாக, ஒரு நாட்டுக்கு ஒருவர் என்று அதை ஆடியவர்கள்தான் பிறகும் அதை உயிரோடு வைத்திருந்தார்கள். தபாலில் நெப்போலியன் ஐரோப்பாவை ஆண்ட ஆர்னசனின் நண்பர்களுக்கு அது பழகிய வாசனையாக இருந்திருக்கும்.

2000-இல் வந்த டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸின் மூன்றாம் பதிப்பில், ஒன்பதாம் படியில் கோட்டை கட்டுபவரைத் தேடி வந்த பரிவாரம் மறைந்தது. தலைமைப் பண்பு விருப்பப்பட்டால் எடுத்துக்கொள்ளும் ஒரு திறனாகச் சுருங்கியது. கிரெக் ஸ்டோல்ஸியின் ‘ரெய்ன்’ 2007-இல், அரசோ கொள்ளைக் கூட்டமோ எந்த அமைப்பையும் வலிமை, செல்வம், செல்வாக்கு, நிலம், ஒற்றுமை என்ற ஐந்து அளவுகளில் அடக்கிக் காட்டியது. பேரேடு தேவையில்லை; ஐந்து எண் போதும்.

மீட்சி பெரிய அளவில் 2010-இல் வந்தது. பைஸோ நிறுவனத்தின் ‘கிங்மேக்கர்’ ஆறு புத்தகங்களாக வெளியானது. கதை எளியது: பிரெவோய் நாட்டின் வாள்வீரப் பிரபுக்கள் ஓர் உரிமைப் பத்திரத்தைக் கையில் கொடுத்து, தெற்கே யாருக்கும் அடங்காத காட்டு நிலத்தை ஆராய்ந்து வரச் சொல்கிறார்கள். பன்னிரண்டு மைல் அகலமுள்ள அறுகோணக் கட்டங்களாக வரைபடம். முதல் புத்தகத்தில் கொள்ளையர் தலைவன் ஒருவனை ஒழிக்க வேண்டும். இரண்டாவது புத்தகத்திலேயே நாடு கட்டத் தொடங்கிவிடலாம். பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதில்லை. ஐந்து பேர் பிரச்சினைக்கு இது தந்த விடை மந்திரிசபை: ஆள்பவர், தளபதி, பொருளாளர், ஒற்றர் தலைவர், தலைமைப் பூசாரி என்று பதினொரு பதவிகள். பொருளாதாரம், விசுவாசம், நிலைத்தன்மை என மூன்று அளவுகள். கூடவே மக்களின் கொந்தளிப்புக்கு ஓர் எண். அது இருபதைத் தொட்டால் அரசு இல்லை, அராஜகம். 1974-இல் கொதித்தெழுந்த ஊர் மக்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள்.

கிங்மேக்கரிலும் பேரேடு தலைதூக்கியது. மாதச் சுற்றுகளில் ஊரில் கடை கட்டி, அதில் சேரும் மந்திரப் பொருள்களை விற்று நாட்டுக்குப் பணம் பண்ணலாம் என்று ஆட்டக்காரர்கள் கண்டுகொண்டார்கள். கெட்டிக்காரக் குழுக்களின் கையில் நாடு ஒரு விற்பனைச் சாலையாயிற்று. இதை நன்றாக நடத்திய நடுவர்கள் விதியை வைத்துச் சண்டை போடவில்லை. அந்தப் பொருள்களை வாங்குபவர் யார் என்று கேட்டார்கள். பக்கத்து நாட்டுத் தூதர் ஒருவர் வந்து, எங்கள் எதிரிக்கு வாள் விற்றது நீங்கள்தானா என்று நின்றால், வரவு ஏட்டின் ஒரு வரி அடுத்த மூன்று மாதத்துக் கதையாகிவிடும். சீட்டை உருவி அமைச்சரின் குணம் பார்த்த டோனி பாத்தின் கை அங்கே தெரிகிறது. 2018-இல் இதே கதை கணினி விளையாட்டாக வந்து இன்னும் பல லட்சம் பேரிடம் போய்ச் சேர்ந்தது.

அதே 2018-இல் மேட் கோல்வில், கோட்டைகளுக்கும் பரிவாரங்களுக்குமான விதிநூல் ஒன்றுக்காகப் பொதுமக்களிடம் முன்பணம் கேட்டார். இருபது லட்சம் டாலருக்கு மேல் குவிந்தது. நிலம் வேண்டும் என்ற பசி அடங்கவேயில்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். 2024-இல் வெளியான டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸின் புதிய நடுவர் கையேட்டில், ஐந்தாம் படியிலேயே ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஓர் அரண் கிடைக்கிறது; ஏழு நாளுக்கு ஒருமுறை அதற்கு ஆணை இடலாம். நூலகம், பட்டறை, தோட்டம் எல்லாம் உண்டு. குடிகள் அதில் குறைவு, வரி கேட்டுப் போவதும் இல்லை. வசதியான வீடு அது. நாடு என்று சொல்ல மனம் வரவில்லை.

ஆர்னசன் 2009-இல் காலமானார், கைகாக்ஸ் அதற்கு முந்தைய ஆண்டு. கைகாக்ஸின் இறுதிச் சடங்குக்குக் கூடியவர்கள் அன்று மேசைகளை இழுத்துப் போட்டு ஆடினார்கள். அது லேக் ஜெனிவாவில் கேரி கான் என்ற ஆண்டுச் சந்திப்பாக வளர்ந்தது. வெஸ்லி அங்கே வந்து, 1969-இல் பாழாகிவிட்டது என்று வருந்திய அதே பிரவுன்ஸ்டைனை நடத்தியிருக்கிறார். ஊர்த் தலைவரும் வங்கிக்காரரும் பல்கலைக்கழகத் தலைவரும் இப்போது அவருடைய பேரப்பிள்ளைகளின் வயதுக்காரர்களாகவும் இருக்கலாம். படைகள் வந்துகொண்டிருக்கின்றன. ஆட்டக்காரர்கள் மேசையை விட்டு எழுந்து, இரண்டு பேராக மூன்று பேராக மூலைக்குப் போகிறார்கள். இம்முறை நடுவர் அவர்களைத் திரும்பக் கூப்பிடுவதில்லை.